நீதிபதி எழும் வரை

வயிறு என்றாலே இந்த உலகத்துக்குச் சிரிப்பு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்தால் நாலு பேர் விசிறுவார்கள், தண்ணீர் கொடுப்பார்கள், வண்டி பிடிக்க ஓடுவார்கள். வயிற்றைக் கலக்குகிறது என்று ஒருத்தி எழுந்தால் அதே நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணால் பேசிக்கொள்வார்கள். நெஞ்சுக்கு ஒரு மரியாதை, வயிற்றுக்கு ஒரு மரியாதையா? இரண்டும் ஒரே உடம்பில்தானே ஐயா இருக்கிறது?

டைப்பிஸ்டம்மாவைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. வந்துவிட்டுப் போகட்டும், கோபத்தோடேயே சொல்கிறேன்.

அவள் நீதிமன்றத்தில் சாட்சியம் தட்டச்சு செய்கிறவள். உயரமான மேடையில் நீதிபதி. மேடைக்குக் கீழே, அவர் காலடியில் என்றே சொல்லலாம், அவளுடைய மேஜை, கம்ப்யூட்டர், பிரிண்டர். எதிரே சாட்சிக்கூண்டு. வேலை நடக்கிற விதம் இதுதான்: கூண்டில் நிற்கிறவர் தன் பேச்சில் சொல்வார், நீதிபதி அதைக் கேட்டு, அலசிப் பிழிந்து, நீதிமன்றத் தமிழில் திருப்பிச் சொல்வார், டைப்பிஸ்டம்மா அதை அடிப்பாள். "அந்தாளு எம் முடியப் புடிச்சு செவுத்துல மோதினான்யா" என்று ஒருத்தி கதறினால், "எதிரி எனது தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினார்" என்று மேலேயிருந்து வரும். எந்தக் கொடுமையும் அவள் காதில் இரண்டு தடவை விழும், மூன்றாவது தடவை அவள் விரல் வழியே போகும். முகத்தில் மட்டும் ஒன்றும் தெரியக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் பேசியபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போதிருந்த நீதிபதி, "அம்மா, நீங்க அழுதா காகிதம் நனையும்" என்றார். வக்கீல்களெல்லாம் சிரித்தார்கள். அன்றிலிருந்து குத்துக்கல் மாதிரி உட்காரப் பழகிக்கொண்டாள். முகம் பழகிவிட்டது. வயிறு பழகவில்லை.

ஒரு மழைக்காலத்தில் கெட்ட தண்ணீரைக் குடித்து, காய்ச்சலும் பேதியுமாக ஒரு வாரம் படுத்திருந்தாள். காய்ச்சல் போனது, பேதி நின்றது, ஆனால் வயிறு பழைய வயிறாகவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பப் புடவையை எடுத்தாலே ஒரு முறுக்கு. பஸ்ஸில் ஏறினால் இன்னொரு முறுக்கு. சேவகர் சாட்சியின் பேரைக் கூப்பிடுகிற நேரத்தில் குடல் கையும் காலும் முளைத்து உள்ளே நடக்க ஆரம்பிக்கும். சில வாரம் ஓட்டம், சில வாரம் ஒன்றுமே போகாமல் கல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாது.

வீட்டில் ஒரே பாத்ரூம். மாமனார் உள்ளே போனால் செய்தித்தாள் முழுவதும் படித்துவிட்டுத்தான் வெளியே வருவார். அவருக்கு அந்த உரிமை உண்டு, யாரும் கேட்கமாட்டார்கள். டைப்பிஸ்டம்மா போனால் நாத்தனார் கூடத்திலிருந்து குரல் கொடுப்பாள். "அண்ணி உள்ளாரயே குடித்தனம் பண்ணப் போறாங்களா? பாத்திரம் அப்படியே கெடக்கு." கல்யாணம், காரியம் எதற்கும் போவதை அவள் நிறுத்திக்கொண்டாள். புது இடம், தெரியாத வீடு, எங்கே இருக்கிறது என்று யாரைக் கேட்பது? சொந்தக்காரர்கள் அதற்கும் ஒரு பேர் வைத்தார்கள். கோர்ட்டு வேலை, தலைக்கனம் என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். கெட்டவர் இல்லை, ஆனால் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்கிற ஆளும் இல்லை. "டென்ஷன விடு, எல்லாம் சரியாயிடும்" என்பார். விடுவதற்கு அது என்ன, கையில் பிடித்திருக்கிற பட்டமா?

டாக்டர் வீட்டுப் படிகளையும் ஏறி இறங்கினாள். ஒருவர் பூச்சி மாத்திரை கொடுத்தார். இன்னொருவர் ஸ்கேன் எடுத்தார். மூன்றாமவர் கீழேயிருந்து குழாயே விட்டுப் பார்த்துவிட்டு, ஏதோ பரிசு கொடுப்பதுபோல, "உங்களுக்கு ஒண்ணுமே இல்லம்மா, எல்லாம் மனசுதான்" என்றார். ஒன்றுமில்லாததற்கா ஒருத்தி ஓடும் பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டு, கம்பியைப் பிடித்த கை வெளுத்துப்போக நிற்கிறாள்? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்.

இதில் எனக்கு ஆத்திரமே, நம் ஜனங்களுக்கு இது தெரியாத விஷயம் இல்லை என்பதுதான். பயம் வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்கிறோம். பொறாமை வந்தால் வயிற்றெரிச்சல். நல்ல சேதி வந்தால் வயிற்றில் பால் வார்த்தது. வயசுக்கு வந்த பெண்ணை வெளியே அனுப்பிவிட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். மனசு படுகிற பாட்டை எல்லாம் வயிறு படும் என்று தெரிந்து வைத்துக்கொண்டு, ஒருத்தி வந்து நிஜமாகவே அப்படி இருக்கிறது என்று சொன்னால், நடிக்கிறாள் என்பதா?

அவள் கடைசியாகப் போனது அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு வயசான பெண் டாக்டரிடம். அந்த அம்மாள் காகிதங்களைப் புரட்டிவிட்டு மூடிவைத்தார்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"டைப் அடிக்கிறேங்க."

"என்ன டைப் அடிக்கிறீங்க?"

யாரும் கேட்காத கேள்வி. கட்டிய புருஷன்கூடக் கேட்டதில்லை. டைப்பிஸ்டம்மா முந்தின நாள் அடித்ததைச் சொல்ல வாயைத் திறந்தாள். இரண்டு வாக்கியம் வந்தது. மூன்றாவது வரவில்லை, அழுகைதான் வந்தது. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இதுக்கு குடல் எரிச்சல் நோய்னு பேரும்மா. உங்க குடலுக்கும் மூளைக்கும் நடுவுல எப்பவும் பேச்சு நடந்துக்கிட்டே இருக்கும். உங்களுக்கு அந்தப் பேச்சு சண்டையாப் போச்சு. மனசுல இருந்து வருதுன்னா பொய்னு அர்த்தமில்ல. பயந்தா வேர்க்குது, அந்த வேர்வை பொய்யா? மருந்து தர்றேன், சாப்பாட்டுல சிலதைக் கொறைச்சுக்குங்க. ஆனா வர்றப்ப அடக்காதீங்க. எழுந்து போங்க."

எழுந்து போவதாம். சொல்வது எளிது. நீதிமன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. நீதிபதி உள்ளே வந்தால் எல்லாரும் எழ வேண்டும், அவர் எழும் வரை ஒருவரும் இடத்தைவிட்டு நகரக் கூடாது. வக்கீலாவது தலையைக் குனிந்துகொண்டு நழுவலாம். டைப்பிஸ்ட் நழுவினால் சாட்சியம் நின்றுபோகும், எல்லாக் கண்ணும் அந்தக் காலி நாற்காலியைத்தான் பார்க்கும். அவளுக்கு மட்டும் அந்த வழியே கிடையாது.

நீதிபதிக்கு வயிறு இல்லையா என்றால், பேஷாக இருக்கிறது. அவர் நாற்காலிக்குப் பின்னாலேயே ஒரு கதவு, அதற்குப் பின்னால் அவருடைய அறை, அந்த அறைக்குள்ளேயே வெள்ளை ஓடு பதித்த கழிப்பறை. அவருக்கு வந்தால் அதற்குப் பேர் "நீதிமன்றம் சற்று ஒத்திவைக்கப்படுகிறது". ஊழியர்களின் கழிப்பறையோ மாடிப்படி இறங்கி, பழைய வழக்குக் கட்டுகள் அடுக்கிய அறையைச் சுற்றிப் பின்பக்கம். அதற்குப் பூட்டு, பூட்டுக்குச் சாவி, சாவி தலைமை எழுத்தரின் சட்டைப்பையில். சாட்சி சொல்ல வருகிற பொதுஜனத்துக்கு ஒன்று கட்டினார்கள், தண்ணீர் வரவில்லை என்று அதை மூடியேவிட்டார்கள்.

டைப்பிஸ்டம்மா என்ன செய்தாள்? தன்னைச் சொல்ல வெட்கப்பட்டு, மெஷினைச் சொன்னாள். வயிறு முறுக்கும்போது காகிதத்தைக் கோணலாகச் செருகிவிடுவாள். "ஐயா, பிரிண்டர்ல பேப்பர் சிக்கிடுச்சு." நீதிபதி சலித்துக்கொண்டு, "பத்து நிமிஷம்" என்று எழுவார். அவள் ஓடுவாள். இது நன்றாகவே நடந்தது. ரொம்ப நன்றாக நடந்ததால் பிரிண்டர் மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். அவன் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பார்த்துவிட்டு, "மேடம், மெஷின்ல ஒண்ணும் இல்ல" என்றான். டாக்டர் சொன்ன அதே வசனம். மறுபடி வந்தான், மறுபடி அதையே சொன்னான். ஆனால் பாருங்கள் அநியாயத்தை, மெஷினில் ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகும் மெஷினைத்தான் நம்பினார்கள். எதுக்கு வம்பு என்று புத்தம்புது பிரிண்டரே வாங்கிவிட்டார்கள். காகிதத்தைக் கோணலாகச் செருகினாலும் அதுவே நேராக்கிக்கொள்கிற சாதி அது. டைப்பிஸ்டம்மாவின் பிழைப்பில் மண் விழுந்தது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் இந்த நீதிபதி மாற்றலாகி வந்தார். வேலைக்காரர். தேங்கிக் கிடந்த வழக்குகளை எல்லாம் தூசி தட்டி எடுத்தார், இடைவேளையே விடாமல் உட்கார்ந்தார். சாட்சி கூண்டில் இருக்கும்போது அலுவலர் யாரும் இடத்தைவிட்டு எழக் கூடாது என்று வாய்மொழியாக ஒரு சட்டமும் போட்டார். டைப்பிஸ்டம்மா ஒரு நாள் தாங்க முடியாமல் எழுந்து ஓடினாள். எச்சரித்தார். இன்னொரு நாளும் ஓடினாள். தலைமை எழுத்தரை அனுப்பினார்.

அவரிடம் அவள் கூச்சத்தை விட்டுச் சொன்னாள். "சார், எனக்கு வயித்துல ஒரு நோய் இருக்கு. டாக்டர் சொல்லியிருக்காங்க."

"என்ன நோய்? ஸ்கேன்ல இருக்கா?"

"ஸ்கேன்ல தெரியாதுங்க சார்."

"தெரியாத நோய்க்கு நான் எங்கம்மா போறது?" அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். "இங்க பாருங்க. இன்னொரு தடவை எழுந்தா மாத்தல்தான். எல்லைக் கோர்ட்டுல ஆள் கேக்குறாங்க. போறீங்களா?"

எல்லைக் கோர்ட்டு என்றால் ரயிலில் ஒரு முழுப் பகல் போக வேண்டிய ஊர். மகள் பள்ளிக்கூடக் கடைசி வருஷம். ராத்திரி படிக்கும்போது அம்மா பக்கத்தில் உட்கார்ந்தால்தான் அவளுக்கு மண்டையில் ஏறும். அந்தப் பெண்ணை விட்டுவிட்டு எங்கே போவது? டைப்பிஸ்டம்மா அன்றிலிருந்து காலையில் சாப்பிடுவதை நிறுத்தினாள், தண்ணீரையும் நிறுத்தினாள். உள்ளே எதுவும் போகாவிட்டால் வெளியே எதுவும் வராது என்று ஒரு கணக்கு. காலி வயிறு இன்னும் மோசமாகக் கத்தியது. அவளுக்குத் தலை சுற்றியது. "மெலிஞ்சு அழகாயிட்டீங்க மேடம்" என்றாள் ஒரு ஜூனியர் வக்கீல். பட்டினிக்குப் பாராட்டு!

இப்படி இருக்கும்போதுதான் பேக்கரிப் பெண்ணின் வழக்கு வந்தது.

ஒரு பேக்கரியில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று பொட்டலம் கட்டுகிற பெண் அவள். அம்மா செத்த பிறகு அவளும் தம்பியும் சித்தப்பா வீட்டில் வளர்ந்தார்கள். வளர்ந்தார்கள் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். ரப்பர் குழாயால் அடி, சாமான் அறையில் பூட்டு, ஒருவேளைச் சோறு. வேலை கிடைத்ததும் இவள் தப்பி விடுதிக்குப் போய்விட்டாள். தம்பி சின்னப் பையன், இன்னும் அங்கேதான் இருக்கிறான். அவனை மீட்கத்தான் சித்தப்பா மேல் வழக்குப் போட்டாள். அவள் சாட்சியம் நின்றால் தம்பி வெளியே வருவான். உடைந்தால் அந்த வீட்டிலேயே கிடப்பான். நீதிமன்றத்தில் எல்லாருக்கும் அது தெரியும்.

சித்தப்பாவுக்கு வந்த வக்கீலுக்கு வெண்கலத் தொண்டை. சாதாரணமாக மணி கேட்டாலே கேட்கப்பட்டவன் குற்றவாளி மாதிரி விழிப்பான். அவர் கூண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"அடிச்சாங்க, பூட்டி வெச்சாங்கன்னு சொல்றே. அத்தனை வருஷம். அக்கம்பக்கத்துல ஆள் இல்லையா? பள்ளிக்கூடம் இல்லையா? ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

பெண் கூண்டின் கட்டையை எட்டிப் பிடித்தாள்.

"கேக்குறேன்ல? ஏன் சொல்லல? இப்ப வேலை கெடச்சதும் கதை கட்டுறியா?"

டைப்பிஸ்டம்மா நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பெண்ணின் மேலுதட்டில் வேர்வை. ஒரு கை கூண்டின் கட்டையைப் பிடித்திருந்தது, இன்னொரு கை அடிவயிற்றை. கால் இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. ஐயோ, இது என்னவென்று டைப்பிஸ்டம்மாவுக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா?

"ஐயா," என்றாள் பெண், நீதிபதியைப் பார்த்து. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. "பாத்ரூம் போகணும் ஐயா."

வக்கீல் பிடித்துக்கொண்டார். "பாத்தீங்களா ஐயா! சரியா இந்தக் கேள்விக்குத்தான் பாத்ரூம் வருது. வெளிய போயி யார்கிட்டயாவது கேட்டுட்டு வரலாம்னு பாக்குறா. இதை அப்படியே பதிவு பண்ணணும்."

"பதில் சொல்லிட்டுப் போம்மா" என்றார் நீதிபதி.

"முடியல ஐயா."

நீதிபதி பெருமூச்சு விட்டார். பிறகு கீழே குனியாமலே, வழக்கமான குரலில் சொல்லத் தொடங்கினார். "மேற்படி கேள்விக்குச் சாட்சி பதில் கூறாமல், கூண்டைவிட்டு வெளியேற முயன்றார்..."

விசைப்பலகையின் சத்தம் கேட்கவில்லை. நாள் முழுக்கக் கேட்கிற சத்தம் என்பதால் யாருக்கும் அது காதில் விழுவதே இல்லை, நின்றபோதுதான் விழுந்தது. எல்லாரும் திரும்பினார்கள். டைப்பிஸ்டம்மாவின் கை மடியில் இருந்தது. ரயில், எல்லைக் கோர்ட்டு, மகளின் புத்தக மேஜைக்குப் பக்கத்துக் காலி நாற்காலி எல்லாம் ஒரு நொடியில் அவளுக்குள் ஓடியது. அவள் வயிற்றிலும் புளியைக் கரைத்துக்கொண்டுதான் இருந்தது. எழுந்து நின்றாள்.

"என்னம்மா, மெஷின் நின்னுடுச்சா?" என்றார் நீதிபதி.

"இல்லீங்க ஐயா. மெஷின் நல்லாத்தான் இருக்கு. எப்பவுமே நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் வயிறு சரியில்ல. அந்தப் பொண்ணுக்கும் சரியில்ல. இந்த வரிய என்னால அடிக்க முடியாது ஐயா. நாங்க ரெண்டு பேரும் போயிட்டு வந்துடுறோம்."

மாற்றல் உத்தரவு அடுத்த வாரமே வந்தது, வரத்தான் செய்தது. ஆனால் அந்த நேரத்தில் அவள் அதை எண்ணி நிற்கவில்லை. நேரே கூண்டுக்குப் போய்ப் பெண்ணின் தோளைப் பிடித்து இறக்கினாள். பெண்ணால் நிமிர முடியவில்லை. சாவிக்காகத் தலைமை எழுத்தரின் நாற்காலியைப் பார்த்தாள். ஆள் டீ குடிக்கப் போயிருந்தார், சாவியும் அவரோடு டீ குடிக்கப் போயிருந்தது. அப்புறம் அவள் யோசிக்கவேயில்லை. மேடைப்படியில் கால் வைத்தாள். பெண்ணை அணைத்தபடி, நீதிபதியின் நாற்காலிக்குப் பின்னாலேயே நடந்து, அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்றாள்.

கதவில் நின்ற கிழட்டுச் சேவகர் ஒரு கணம் நீதிபதியைப் பார்த்தார், ஒரு கணம் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். "ஆத்திரத்த அடக்கினாலும் மூத்திரத்த அடக்க முடியாது தாயி, போங்க" என்று முணுமுணுத்துவிட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

வெள்ளை ஓடு. வாசனைச் சோப்பு. மடித்து வைத்த துண்டு. பெண் உள்ளே போனாள். டைப்பிஸ்டம்மா நீதிபதியின் அறையில், யாருடைய நாற்காலியிலும் உட்காராமல், சுவரில் சாய்ந்து நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அக்கா, இருக்கீங்களா?"

"இருக்கேன். மெதுவா வா."

"எனக்குச் சின்ன வயசுலேருந்தே இப்படித்தாங்கா. அந்த ஆளு செருப்புச் சத்தம் கேட்டாப் போதும்."

"சரி. அதை உள்ள வெச்சுப் பூட்டிக்காத. வெளிய வந்து சொல்லு."

பெண் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். டைப்பிஸ்டம்மா தானும் போய்விட்டு வந்தாள். அந்தத் துண்டில் கையைத் துடைத்தபோது இரண்டு பேருக்கும் எங்கிருந்தோ சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்கள்.

வெளியே வந்தால் யாரும் அசையவில்லை. நீதிபதி எழவில்லை, அதனால் வேறு ஒருவராலும் எழ முடியவில்லை. அவர் எழுந்தாலும் எங்கே போவார், அவர் அறையில்தான் ஆள் இருந்ததே! வெண்கலத் தொண்டை மட்டும் கோப்பால் விசிறிக்கொண்டிருந்தது. பெண் கூண்டில் ஏறினாள். டைப்பிஸ்டம்மா தன் நாற்காலியில் உட்கார்ந்து விரலை விசைகள் மேல் வைத்தாள்.

"இப்பவாவது பதில் சொல்றியா?" என்றார் வக்கீல். "ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னேன்" என்றாள் பெண்.

வக்கீல் விசிறுவதை நிறுத்தினார்.

"தெனமும் சொன்னேன் ஐயா. வயித்த வலிக்குதுன்னு சொன்னேன். பள்ளிக்கூடத்துல சொன்னேன், சோம்பேறின்னு பெஞ்சு மேல நிக்க வெச்சாங்க. பக்கத்து வீட்டுல சொன்னேன், கண்டதைத் தின்னிருப்பேன்னாங்க. ஆஸ்பத்திரியில சொன்னேன், மாத்திரை குடுத்து சித்திகூடவே திருப்பி அனுப்பிட்டாங்க. அடிக்கிறாங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல ஐயா, வயிறுதான் வந்துச்சு. ஏன் வலிக்குதுன்னு ஒருத்தர், ஒரே ஒருத்தர் கேட்டிருந்தாக்கூட எல்லாத்தையும் சொல்லியிருப்பேன்."

நீதிபதி வழக்கம்போல அலசிப் பிழிந்து சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் விசைப்பலகை ஓட ஆரம்பித்திருந்தது. டைப்பிஸ்டம்மா அவருக்காகக் காத்திருக்கவில்லை, பெண்ணின் வாயிலிருந்து வந்ததை வந்தபடியே அடித்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. அவர் தடுக்கவில்லை.

"போன வாரம் தம்பியப் பாத்தேன் ஐயா" என்றாள் பெண். "தெருமுனையில நின்னுக்கிட்டு இருந்தான். எப்படிடா இருக்கேன்னு கேட்டேன். வயித்த வலிக்குதுக்கான்னான்."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். நீதிபதி மேஜையின் மேல் இரண்டு கையையும் ஊன்றி, அந்த வழக்கு தொடங்கிய நாளிலிருந்து முதல் தடவையாகக் கூண்டின் பக்கம் குனிந்தார்.

"உன் தம்பி இப்ப எங்கம்மா இருக்கான்?" என்று கேட்டார்.